மாமா விட்டுச் சென்ற சின்னக் கமராவில் நல்ல படம் வருமா?

இணுவில் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து வந்த மாமா திரும்பிப் போகும்போது தன் பழைய சின்னக் கமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 10 மெகாபிக்சல், 4 மடங்கு சூம், இரண்டு டபிள் ஏ பற்றரி. அக்கா மகளின் சாமத்திய வீட்டில் அதைக் கொண்டு 212 படம் எடுத்தேன். வீட்டாருக்குக் காட்டத் துணிந்தவை ஒன்பது. மற்றவற்றில் பிள்ளையின் முகம் அரிசிமாப் பூசியதுபோல வெளுத்திருக்கிறது. பின்னால் நின்ற சனம் கிணற்றுக்குள் நிற்பதுபோல இருண்டிருக்கிறது. பிளாஷை நிறுத்திவிட்டு எடுத்தவையோ மஞ்சளில் குளித்து, ஆடிக் கலங்கிக் கிடக்கின்றன.

அடுத்த மாதம் அம்மம்மாவுக்கு 90 வயது. லண்டனிலிருந்து இரண்டு குடும்பங்கள் வருகின்றன. அன்றைக்குப் படம் எடுக்க ஆள் பிடித்தாயிற்று. ஆனால் அந்த ஆளுக்கு முன்னால் அம்மம்மா அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர் போல விறைத்துவிடுவார். அவர் விறாந்தையில் காலை நீட்டியிருந்து பாக்கு வெட்டுவாரே, எனக்கு வேண்டியது அந்தப் படம். நான் அமுக்கும்போது திறந்திருக்கும் பாக்குவெட்டி, படத்தில் மூடியிருக்கிறது. இருபது முறை முயன்றும் இருபது முறையும் மூடியேதான் இருக்கிறது.

புதிய கமரா வாங்கு என்று மட்டும் எழுத வேண்டாம். அது எனக்கே தெரியும், காசுதான் இல்லை.

சைக்கிள் கரியர்:

கைபேசியில் எடுங்கள் அக்கா. வேலை முடிந்தது.

இருட்டறை:

தம்பி சைக்கிள் கரியர், வைத்திருப்பதைக் கொண்டு எப்படிச் செய்வது என்று பிள்ளை கேட்கிறாள். நீர் வேறொன்றைக் காட்டுகிறீர்.

பிள்ளை, நான் ஸ்டூடியோவில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன். உங்கள் கமராவில் ஒரு குறைதான் இருக்கிறது. அது வெளிச்சத்துக்குப் பசித்த கமரா. அந்தப் பசியை ஆற்றாமல் பட்டனை எத்தனை தரம் அமுக்கினாலும் பயனில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது இரண்டு வழிகளில் ஒன்றைத் தேடும். ஒன்று, பிளாஷை அடிக்கும். அல்லது உள்ளே வெளிச்சத்தை விடும் கதவை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். முதலாவதில் அரிசிமா முகம், இரண்டாவதில் ஆட்டம். நீங்கள் சொன்ன இரண்டு நோயும் ஒரே நோய்தான்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். பிளாஷுக்கு எங்கே போவது? கல்யாண வீட்டுக்குப் போனால் நான் முதலில் பெண்ணையும் பார்ப்பதில்லை, மாப்பிள்ளையையும் பார்ப்பதில்லை. யன்னல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். பெண்ணை யன்னலுக்குப் பக்கவாட்டில், ஓர் எட்டுத் தள்ளி நிறுத்துவேன். வெளிச்சம் படாத பக்கத்தில் யாராவது ஒரு பொடியன் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெளிச்சம் வேட்டியில் பட்டு முகத்தின் இருண்ட பக்கத்துக்குத் திரும்பி வரும். அந்தப் படங்களை இன்றைக்கும் சில வீடுகளின் சுவரில் காணலாம்.

உங்கள் அம்மம்மா விறாந்தையில்தானே இருக்கிறார்? விறாந்தை என்பது சம்பளமில்லாத ஸ்டூடியோ. கூரை மேல்வெயிலை மறைக்கிறது, முற்றத்து மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்கு எறிகிறது. காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் பிளாஷை நிறுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். முற்றம் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ தோளுக்குப் பக்கத்திலோ இருக்க வேண்டும். அம்மம்மாவின் முதுகுக்குப் பின்னால் முற்றம் வந்தால் அவர் கரிக்கட்டையாகத் தெரிவார்.

வடமராட்சிக் காற்று:

ஐயா சொன்னது சரி. பசிக்குக் காரணத்தை நான் சொல்கிறேன். இப்படிப்பட்ட கமராக்களில் படம் விழுகின்ற சென்சர் ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளம், 4.6 மில்லிமீற்றர் அகலம். ஓர் உழுந்தை விடச் சற்றுப் பெரிது. ஐயா காலத்துப் பிலிமின் ஒரு சட்டம் 36க்கு 24. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் உழுந்து அதில் முப்பதில் ஒரு பங்கு. அந்த உழுந்தை ஒரு கோடி துண்டாக்கிய கதைதான் 10 மெகாபிக்சல். பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் அந்த எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் விழும் வெளிச்சம் ஒரு சொட்டுத்தான்.

அதனால்தான் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 800க்கு ஏற்றினால் முகத்தில் மணல் தூவியதுபோல வருகிறது. அதைக் கமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். மேலே இருக்கும் வட்டச் சில்லை 'ஓட்டோ'விலிருந்து 'பி' என்ற எழுத்துக்குத் திருப்பினால் ஐ.எஸ்.ஓ.வை நீங்களே வைக்கலாம். பகலில் 80 அல்லது 100. விறாந்தையில் 200. வீட்டுக்குள் வேறு வழியே இல்லாவிட்டால் 400. அதற்கு மேல் போகாதீர்கள்.

இன்னொன்று, சூம். சூமை இழுக்காதபோது லென்ஸின் வாய் எப் 2.8 அளவில் திறக்கும். முழுவதும் இழுத்தால் எப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எண் இரட்டித்தால் வெளிச்சம் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். பாதி அல்ல, நான்கில் ஒன்று. சாமத்திய வீட்டில் பின்வரிசையிலிருந்து சூமை இழுத்தீர்கள் என்றால், பட்டினி கிடந்த கமராவின் வாயையும் கட்டிவிட்டீர்கள். நடந்து கிட்டப் போங்கள்.

டிஜிட்டல் சூம் என்று ஒன்று இருக்கும். மெனுவுக்குள் போய் இன்றைக்கே நிறுத்துங்கள். அது படத்தின் நடுவை வெட்டி ஊதிப் பெரிதாக்குகிறது. அதைக் கணினியில் நீங்களே செய்யலாம்.

இருட்டறை:

கிட்டப் போ என்பதில் ஒரு திருத்தம். சூம் இல்லாமல் முகத்துக்கு மிகக் கிட்டப் போனால் மூக்குப் பெருத்து, காது ஓடி ஒளியும். 90 வயது முகத்துக்கு அது அழகில்லை. சூமைப் பாதிவரை இழுத்து, ஓர் ஆள் நீளம் தள்ளியிருந்து எடுங்கள். நீங்களும் நிலத்தில் இருங்கள். நின்றுகொண்டு குனிந்து எடுத்தால் உச்சந்தலையும் முழங்காலும்தான் வரும்.

ஸ்காபரோ பனி:

இங்கே கனடாவில் எங்கள் புகைப்படக் குழுவில் சொல்வார்கள்: சூரியன் மறைந்த பிறகு வரும் நீல வெளிச்சத்தில் எடு, எந்தக் கமராவிலும் படம் அழகாக வரும் என்று. ஆறுதலாக இடம் பார்த்து, ஆளை இருத்தி, முக்கால் மணி நேரம் எடுக்கலாம். மாலையில் முயன்று பாருங்கள் தங்கச்சி.

வடமராட்சிக் காற்று:

அண்ணா, ஊரை விட்டுப் போய் நாளாகிவிட்டதோ? இங்கே சூரியன் சாய்ந்து இறங்குவதில்லை, நேரே விழுகிறது. மறைந்தபின் மிச்ச வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். நீங்கள் இடம் பார்த்து முடிப்பதற்குள் நுளம்பு கடிக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்துப் படத்துக்கு முக்காலி வேண்டும், அசையாத பொருள் வேண்டும். பாக்கு வெட்டும் கை அசையாத பொருளா?

நடுப்பகலும் ஆகாது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. பகல் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி உங்கள் நிழலை உங்கள் காலுக்குக் கீழேதான் தேட வேண்டும். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாக் காலம் வேறு. மதியம் கோவில் வீதியில் எடுத்த படங்களைப் பாருங்கள். எல்லோர் கண்ணும் குழிக்குள் போயிருக்கும். அந்த வெயிலில்தான் பிளாஷ் உண்மையில் உதவும். மூன்று மீற்றருக்குள் நிற்கும் ஆளுக்குப் பட்டப்பகலில் பிளாஷ் அடித்தால் கண்குழி நிரம்பிவிடும்.

ஸ்காபரோ பனி:

நுளம்பை மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கே ஒரு கேள்வி. போன வருடம் வந்தபோது பண்ணைக் கடற்கரையில் சூரியன் மறைவதை எடுத்தேன். வானம் வெளுத்து, சூரியன் ஒரு வெள்ளை ஓட்டையாக வந்தது. கண்ணால் பார்த்த செம்மஞ்சள் எங்கே போனது?

சைக்கிள் கரியர்:

இதற்கு நான் பதில் சொல்லலாம். கிழமைக்கு ஒரு தரம் அங்கே நிற்கிறேன். சூரியனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, பக்கத்து வானத்தை நோக்கிப் பட்டனைப் பாதி அமுக்குங்கள். விடாமல் பிடித்துக்கொண்டு கமராவைத் திருப்பிச் சூரியனை உள்ளே கொண்டுவந்து மீதியை அமுக்குங்கள். வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுப்பதால் தண்ணீரில் மீனுக்கு நட்ட தடிகளும் வள்ளமும் கறுப்புக் கோடுகளாகிவிடும், வானம் தன் நிறத்தில் வரும். வெளிச்சத்தின் நிறத்தைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையை 'முகில்' படத்துக்கு மாற்றினால் இன்னும் சிவக்கும். ஓட்டோவில் விட்டால் அந்தச் சிவப்பைப் பிழை என்று நினைத்துக் கமராவே கழுவிவிடும்.

கைபேசி என்று எழுதியதற்கு மன்னிக்கவும் ஐயா.

இணுவில் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. 'பி'க்குத் திருப்பிவிட்டேன். டிஜிட்டல் சூமுக்கும் விடை கொடுத்தாயிற்று. நேற்று லைபிரரிக்குப் போன இடத்தில் பொது நூலகத்தை வெளியிலிருந்து எடுத்தேன். காலை ஒன்பது மணி, நல்ல வெயில், ஐ.எஸ்.ஓ. 80, கை ஆடவில்லை. ஆனால் வெள்ளைக் கட்டடம் படத்தில் சாம்பல் நிறமாக இருக்கிறது. முன்னால் இருக்கும் சரஸ்வதியும் அப்படியே. லென்ஸில் அழுக்கா?

இருட்டறை:

லென்ஸில் அழுக்கில்லை. கமராவுக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது, கறுப்பு என்றால் என்னவென்றும் தெரியாது. உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் என்று சொல்லி வளர்த்த பிள்ளை அது. சட்டம் முழுக்க வெள்ளை வந்தால், 'இவ்வளவு வெளிச்சம் இருக்கக் கூடாதே' என்று தானே குறைத்துவிடும். கறுத்த ஆட்டை எடுத்தால் அதையும் சாம்பலாக்கும். கூட்டல் கழித்தல் அடையாளம் ஒன்று மெனுவிலோ பின்பக்கப் பட்டனிலோ இருக்கும். அதில் வெளிச்சத்தை இரட்டிக்கும் ஒரு புள்ளிக்கு மூன்று படி. வெள்ளைக் கட்டடம், கடற்கரை மணல், வேட்டி கட்டிய கூட்டம் என்றால் கூட்டல் பக்கம் இரண்டு அல்லது மூன்று படி ஏற்றுங்கள். கறுத்த பொருள் சட்டத்தை நிரப்பினால் கழித்தல் பக்கம். முடிந்ததும் சைபருக்குக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள். நான் மறந்து ஒரு முழுக் கல்யாணத்தை வெளுக்க வைத்திருக்கிறேன்.

நூலகத்தை இன்னொரு தரம் போய் எடுங்கள் பிள்ளை. அது 1981இல் ஒருமுறை சாம்பலானது போதும்.

வடமராட்சிக் காற்று:

மஞ்சள் நோய்க்கும் மருந்து எழுதிவிடுகிறேன். வீட்டுக்குள் குண்டு பல்ப் என்றால் வெள்ளைச் சமநிலையில் பல்ப் படத்தையும், ரியூப் லைட் என்றால் குழாய் படத்தையும் தெரிவு செய்யுங்கள். இரண்டும் கலந்து எரிந்தால் ஒன்றை அணைத்துவிடுங்கள். கலப்பு வெளிச்சத்தை இப்படிப்பட்ட கமராவால் திருத்த முடியாது. உங்களுடையதில் வெள்ளைத் தாளைக் காட்டிப் பதியும் வசதியும் இருக்கக்கூடும். தாள் இல்லாவிட்டால் சலவை செய்த வேட்டி. நீலம் போட்ட வேட்டி என்றால் முகம் மீண்டும் மஞ்சளாகும், கவனம்.

இணுவில் மருமகள்:

பாக்குவெட்டி இன்னும் மூடியேதான் இருக்கிறது ஐயா. அம்மம்மாவும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார், "பாக்கு முடியப் போகுது, உன்ர படம் முடியாதோ" என்று.

இருட்டறை:

பட்டனை ஒரே அமுக்காக அமுக்குகிறீர்கள். அதில் இரண்டு படி இருக்கிறது. முதல் படியில் கமரா தூரம் பார்க்கும், வெளிச்சம் கணக்கிடும். நேரம் முழுவதும் போவது அங்கேதான். இரண்டாவது படியில் படம் எடுக்கும். அது கண்ணிமைக்கும் வேலை. நீங்கள் திறந்த பாக்குவெட்டியைக் கண்டபின் இரண்டையும் சேர்த்து அமுக்கினால், கமரா தூரம் பார்த்து முடிப்பதற்குள் பாக்கு இரண்டாகிவிடும்.

அம்மம்மா பாக்கை எடுக்கும்போதே அவர் கையை நோக்கிப் பாதி அமுக்குங்கள். பச்சைச் சதுரம் வரும், அல்லது ஒரு சத்தம் கேட்கும். அப்படியே விரலை வைத்திருங்கள். மூச்சை விட்டு முடியுங்கள். பாக்கை அலகுகளுக்கிடையில் வைத்து விரலால் ஒருதரம் திருப்பிச் சரிபார்ப்பார் அல்லவா, என் அம்மாவும் அப்படித்தான் செய்வார், அந்தத் திருப்பல் முடிகிற இடத்தில் மீதியை அமுக்குங்கள். வெட்டுக்கு முன்னால் கை ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணம் நமக்குப் போதும்.

கை நடுங்கினால் முழங்கையை உங்கள் முழங்காலில் ஊன்றுங்கள். ஒன்றுக்கு மூன்று படம் எடுங்கள். பிலிம் காசு இல்லையே.

சைக்கிள் கரியர்:

அசையாத பொருளுக்கு என் வழி: கால் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி மதிலில் வைத்து, அதன் மேல் கமராவை அழுத்தி, 2 செக்கன் ரைமரைப் போடுவது. பட்டனை அமுக்கும் விரலே கமராவை ஆட்டுகிறது. ரைமர் போட்டால் அந்த ஆட்டம் அடங்கியபின் படம் விழும்.

இன்னொன்று, கமராவின் அடியில் இருக்கும் திருகுத் துளை கால் அங்குல அளவு, அங்குலத்துக்கு 20 புரி. இரும்புக்கடையில் அதே அளவில் கட்டையான போல்ட் ஒன்று வாங்கி, அதில் நைலோன் கயிறு கட்டித் துளையில் மாட்டுங்கள். கயிற்றின் மறுநுனியைக் காலால் மிதித்துக்கொண்டு கமராவை மேலே இழுத்துப் பிடித்தால் நடுக்கம் பாதியாகும். நீளமான போல்டை முறுக்கி உள்ளே குத்திவிட வேண்டாம். நான் ஒரு கமராவை அப்படித்தான் கொன்றேன்.

ஸ்காபரோ பனி:

பற்றரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாதாரண அல்கலைன் பற்றரி போட்டால் சீக்கிரமே கமரா 'பற்றரி மாற்று' என்று அழும். அவை தீர்ந்திருக்காது, மணிக்கூட்டில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். கமரா ஒரே நேரத்தில் அதிக மின்னை இழுப்பதை அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. திரும்பத் திரும்ப மின்னேற்றும் நிக்கல் பற்றரி நான்கு வாங்குங்கள். மாமாவிடம் சொன்னால் அனுப்பிவிடுவார். கமராவைக் கொடுத்தவர் சாப்பாட்டையும் கொடுக்கட்டும்.

வடமராட்சிக் காற்று:

மாரி வருகிறது. கமராவைத் தோல் உறைக்குள் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஈரம் உள்ளே நின்று லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், சிலந்திவலை போல. இந்தச் சின்னக் கமராவின் லென்ஸைக் கழற்றித் துடைக்க முடியாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை நாலைந்து சேர்த்து வையுங்கள். அரிசியைப் போடாதீர்கள், தவிட்டுத் தூள் பறக்கும்.

விருந்தாளிகளோடு கசூரினாக் கடற்கரைக்கோ மணற்காட்டுக்கோ போனால் காற்றடிக்கும்போது லென்ஸை நீட்டாதீர்கள். குழாய்க்கும் குழாய்க்கும் இடையில் ஒரு மணல் போதும், நீட்டிய லென்ஸ் திரும்ப உள்ளே போகாது. மணற்காட்டில் மணலுக்குள் புதைந்த அந்தோனியார் கோவிலை எடுக்கப் போய் நான் கண்ட பலன் அது. கோவிலும் கிடைக்கவில்லை, கமராவும் கிடைக்கவில்லை.

இணுவில் மருமகள்:

படம் கிடைத்துவிட்டது!

நேற்றுக் காலை எட்டே கால். அம்மம்மா தூணில் சாய்ந்திருந்தார், நான் படிக்கட்டில் முற்றத்துக்கு முதுகு காட்டி இருந்தேன். பிளாஷ் இல்லை, ஐ.எஸ்.ஓ. 200, சூம் பாதி. வேட்டி பிடிக்கத் தம்பியைக் கூப்பிட்டால் வெட்கப்படுகிறான். கதிரையின் மேல் விரித்துவிட்டேன். முழங்கையை முழங்காலில் ஊன்றினேன். 41 படம் எடுத்தேன். 38 குப்பை. இரண்டு பரவாயில்லை. ஒன்றில் பாக்குவெட்டி வாயைத் திறந்திருக்கிறது, பாக்கு அலகுகளுக்கு நடுவில் இருக்கிறது, அம்மம்மாவின் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. மூக்குத்திக் கல்லில் முற்றமே சின்னதாக விழுந்திருக்கிறது.

தம்பியின் கணினியில் பெரிதாக்கி அம்மம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. தூணின் மேல் மூலையை விரலால் தொட்டுக் காட்டி, "இதென்ன, இவ்வளவு ஒட்டறை?" என்றார். நானும் அப்போதுதான் கண்டேன். நூல் நூலாகத் தெரிகிறது.

லண்டன்காரர் வருவதற்குள் விறாந்தை முழுவதும் அடிக்க வேண்டுமாம். தும்புத்தடியோடு நிற்கிறேன், மிச்சத்தைப் பின்னேரம் எழுதுகிறேன்.

இருட்டறை:

அந்த ஒட்டறையை அடிக்க முன் இன்னொரு படம் எடுத்து வையுங்கள் பிள்ளை. காலை வெயில் பட்டால் நன்றாக இருக்கும். கழித்தல் பக்கம் இரண்டு படி.